அப்பாரு விட்டுப்போன ரெட்டைக் குழல்

இயற்கை விவசாயப் பத்திரிகையில் துப்பாக்கிக்கு என்னங்க வேலை என்று நீங்கள் கேட்கலாம். இதை எழுதலாமா வேண்டாமா என்று எனக்கும் ரொம்ப நாள் யோசனைதான். ஆனால் போன வருசம் நம் கூட்டங்களுக்குப் போன இடங்களில் மூன்று பேர், மூன்றும் வெவ்வேறு ஊர்க்காரர்கள், சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாக ஒதுக்கிக் கூப்பிட்டு, குரலைத் தணித்து ஒரே விசயத்தைக் கேட்டார்கள். "ஏனுங்க, உங்க வீட்டுத் துப்பாக்கிய என்ன பண்ணுனீங்க? எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்குதுங்க." மாப்பிள்ளைச் சம்பா விதை எங்கே கிடைக்கும் என்று சத்தமாகக் கேட்கிறவர்கள் இதைக் கிசுகிசுவென்று கேட்கிறார்கள். அந்தக் கிசுகிசுப்பில் பயமும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. இரண்டையும் வெளியே எடுத்துப் போட்டுப் பேசிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் மூலனூர்ப் பக்கம். பாதி கொறங்காடு, மீதியில் முருங்கையும் பருத்தியும். மழை குறைந்த சீமை. ஆடுதான் எங்களுக்கு பேங்கு. அப்பாரு காலத்தில் பட்டிக் காவலுக்கு என்று வாங்கிய ரெட்டைக் குழல் துப்பாக்கி, அவருக்குப் பின் அய்யனுக்கு வந்தது. அய்யன் அதை வெடித்து நான் பார்த்தது இரண்டே தடவை. மற்றபடி வருசம் ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைப்பார். தேர்தல் வந்தால் ஸ்டேசனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். தேர்தல் முடிந்தால் திரும்ப எடுத்து வருவார். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கும் அப்படித்தான் ஒப்படைத்தார். ஓட்டு எண்ணுவதற்குள் அவர் காலமாகிவிட்டார். காரியம், கடன், நிலம் பேர் மாற்றுவது என்று ஓடிய ஓட்டத்தில் துப்பாக்கி யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு வருசம் கழித்து ஸ்டேசனில் இருந்து ஆள் வந்து சொன்ன பிறகுதான் ரசீதைத் தேடினோம். அய்யனுடைய பழைய பஞ்சாங்கத்துக்குள் இருந்தது.

அன்று சாயங்காலமே வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. சித்தப்பா சொன்னார்: "அது லண்டன்ல செஞ்ச துப்பாக்கி கண்ணு. லட்சக்கணக்குல போகும். ஆனா விக்கக் கூடாது. நாய் நாப்பது ஆட்டைக் கடிச்சுப் போடுற காலத்துல வீட்டுல துப்பாக்கி வேணும்." அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: "எனக்கு அது வீட்டுக்குள்ள வேண்டாஞ் சாமி." நான் நடுவில். நடுவில் நின்றவன் கற்றுக்கொண்டதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

முதலில் காகிதம்

துப்பாக்கி நிலம் மாதிரி தானாக வாரிசுக்கு வந்துவிடாது. பொருள் வாரிசுக்குச் சேரும். ஆனால் கையில் வைத்திருக்கும் உரிமை லைசென்ஸ்தாரர் செத்ததோடு முடிந்தது. இந்த வித்தியாசம் புரியாமல்தான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. 1959 ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, வைத்திருப்பது சட்டப்படி இல்லாமல் போன உடனே காலம் தாழ்த்தாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. "அய்யன் செத்து மூணு வருசம் ஆச்சு, பொட்டிக்குள்ள பூட்டி வெச்சிருக்கறோம், யாருக்குத் தெரியும்" என்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: 2019 திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு வருசம், அதிகபட்சம் ஐந்து வருசம் சிறை. துப்பாக்கி பழசு, தாத்தா காலத்தது என்பதெல்லாம் பதில் ஆகாது. பழமை மதிப்புள்ளதாகவோ வழக்கொழிந்ததாகவோ இருந்தால் சட்டம் விலக்குத் தருகிறதுதான். ஆனால் ரிப்பேர் செய்தாலும் வெடிக்க முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. எண்ணெய் போட்டு வைத்திருக்கிற அப்பாரு துப்பாக்கிக்கு அது பொருந்தாது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அதே 21ஆம் பிரிவில் நமக்குச் சாதகமான ஒரு வரி இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. ஒப்படைத்தவர் இறந்துபோனால் அவருடைய சட்டப்படியான வாரிசு, குறிப்பிட்ட காலத்துக்குள், லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கியைத் திரும்ப வாங்கலாம். அல்லது தான் லைசென்ஸ் எடுக்காமலேயே, வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு அதை விற்கச் சொல்லி, பணத்தைத் தான் பெற்றுக்கொள்ளலாம். அதாவது விற்பதற்காக நீங்கள் துப்பாக்கிக்காரர் ஆக வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலம் தாண்டிவிட்டால் கலெக்டர் உத்தரவு போட்டு அதை அரசுடைமை ஆக்கிவிடலாம். ஸ்டேசனில் ஒப்படைத்து ரசீது இருக்கிறதே என்று சும்மா இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் 2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கு வழி இருக்கிறது. இறந்த பிறகு மட்டும் இல்லை. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி வாங்கி 25 வருசம் ஆனாலோ, எது முதலில் வருகிறதோ அப்போதே, உயிரோடு இருக்கும்போதே ஒரு வாரிசின் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். எங்கள் அய்யனுக்கு இது தெரிந்திருந்தால் எங்களுக்கு ஒரு வருசத்து அலைச்சல் மிச்சம். வீட்டில் பெரியவர்கள் பேரில் லைசென்ஸ் இருக்கிறவர்கள் இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஒருவர் பேரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் 2019இல் வந்த மாற்றம். அதற்கு முன் மூன்று வைத்திருக்கலாம். பரம்பரைத் துப்பாக்கி என்றாலும் இரண்டுதான்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அப்பாருடைய லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு மாவட்ட வரலாறே இருக்கிறது. முதல் முத்திரை கோயமுத்தூர் ஜில்லா. 1979க்கு மேல் பெரியார் மாவட்டம். பிறகு ஈரோடு. 2009இல் தாராபுரம் தாலுகா திருப்பூர் மாவட்டத்துக்கு வந்ததும் திருப்பூர். மூலக் கோப்பு எந்த அலுவலகத்துப் பரணில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே நாலு நடை நடந்தோம். ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டினார்கள், அங்கே போனால் பழையபடி முதல் அலுவலகத்தையே காட்டினார்கள். அதனால் பழைய லைசென்ஸ் புத்தகத்தை, கிழிந்திருந்தாலும் காலாவதி ஆகியிருந்தாலும், தூக்கி எறியாதீர்கள். எல்லாப் பக்கத்தையும் நகல் எடுங்கள். அதோடு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சம்மதம் என்பது ஆம்பளை வாரிசுகளின் சம்மதம் மட்டும் இல்லை. துப்பாக்கி என்றதும் சித்தப்பாவும் நானும்தான் பேசினோம். என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்து இருபது வருசம் ஆயிற்று. அவளைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. வாரிசுச் சான்றில் அம்மா பேரும் அவள் பேரும் இருக்கிறதே என்று அலுவலகத்தில் கேட்ட பிறகுதான் போன் பண்ணினேன். "ஏண்ணா, நெலத்துக்குத்தான் கேக்கலீன்னா, இதுக்குமா?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

சுழி பார்ப்பது

கண்ணபுரம் சந்தையில் காங்கயம் காளை பிடிக்கப் போகிறவன் பல் பார்ப்பான், திமில் பார்ப்பான், சுழி பார்ப்பான். மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் பருத்தி கொண்டுபோகிறவன் தன் பருத்தி என்ன ரகம், இழை எவ்வளவு நீளம் என்று தெரியாமல் ஏலத்தில் உட்கார்ந்தால் வியாபாரி சொன்னதுதான் விலை. துப்பாக்கிக்கும் அதே கதைதான். அதன் சுழிகளைப் படிக்கத் தெரியாமல் விற்கப் போனால் இரண்டு விதமாக ஏமாறலாம். நல்லதை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடலாம். சாதாரணமானதைப் பொக்கிசம் என்று நினைத்து வருசக்கணக்கில் காத்திருக்கலாம். எங்கள் சித்தப்பா இரண்டாவது வகை.

பார்க்கிற வேலையைக் கூட ஸ்டேசனிலோ டீலர் கடையிலோ, தெரிந்தவர் குழலைத் திறந்து தோட்டா இல்லை என்று காட்டிய பிறகுதான் செய்ய வேண்டும். நாங்கள் உரிமம் பெற்ற ஒரு டீலரையும், துப்பாக்கி ரிப்பேர் தெரிந்த ஒரு பெரியவரையும் வைத்துப் பார்த்தோம். அவர் சொல்லிக் கொடுத்தது இது.

இரண்டு குழலுக்கும் நடுவே மேலே ஓடுகிற பட்டையில் எழுத்து இருக்கும். பெரும்பாலோர் அதைத்தான் செய்தவர் பேர் என்று நினைக்கிறார்கள். அது விற்ற கடையின் பேராகவும் இருக்கலாம். கல்கத்தாவில் ரோடா கம்பெனி, மாண்டன் கம்பெனி மாதிரிக் கடைகள் வெளிநாட்டில் இருந்து வரவழைத்த துப்பாக்கிகளில் தங்கள் பேரைப் பொறித்து விற்றன. எங்கள் துப்பாக்கியிலும் கல்கத்தாக் கடை ஒன்றின் பேர் இங்கிலீசில் இருந்தது. அதை வைத்துத்தான் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக "லண்டன் துப்பாக்கி".

உண்மையான சாதகம் குழலுக்கு அடியில், கட்டையில் இருந்து கழற்றினால் தெரியும் தட்டையான இடத்தில் இருக்கிறது. துப்பாக்கி செய்கிற பல நாடுகளில், விற்பனைக்குப் போகுமுன் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு வெடித்துச் சோதித்து முத்திரை குத்துவது சட்டம். பிர்மிங்காமில் அதற்கென்று 1813இல் இருந்து சோதனைச் சாலை இருக்கிறது. லண்டனுக்குத் தனி முத்திரை. பெல்ஜியத்து லியேஜ் நகரத்தில் முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜி என்ற எழுத்துகள். 1893க்குப் பிறகு அதன்மேல் ஒரு கிரீடம். பிர்மிங்காம் குழலில் "குண்டுக்கு அல்ல" என்று இங்கிலீசில் பொறித்திருந்தால் அது 1875க்கும் 1887க்கும் இடைப்பட்டது. புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்ற முத்திரை அங்கே அதற்குப் பிறகுதான் வந்தது. பேரை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். இந்த முத்திரைகள்தான் ஊரையும் காலத்தையும் சொல்லும்.

பெரியவர் குழலைக் கழற்றித் திருப்பி, துணியால் துடைத்து, லென்சை என் கையில் கொடுத்தார். முட்டை வடிவம். ஈ, எல், ஜி. மேலே கிரீடம். எங்கள் லண்டன் துப்பாக்கி பெல்ஜியத்தில் பிறந்து கல்கத்தாவில் பேர் வைக்கப்பட்டது. அந்தக் காலத்தில் மலிவு விலைத் துப்பாக்கிகளை உலகத்துக்கே அனுப்பிய ஊர் லியேஜ். பிரபலமான இங்கிலீசுக் கம்பெனிகளின் பேரைக் கொஞ்சம் மாற்றிப் பொறித்து ஏமாற்றுவதும் அங்கே நடந்திருக்கிறது. அங்கேயே நல்ல வேலைப்பாடுள்ள துப்பாக்கிகளும் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுடையது அந்த ரகம் இல்லை.

அடுத்துக் குழலைப் பார்த்தார். அதன்மேல் சுருள் சுருளாக, கூந்தல் பின்னியது போல மங்கலான கோடுகள். இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கிப் பட்டையாக்கி, கம்பியில் சுற்றித் தட்டிச் செய்த குழல். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். கருமருந்துக் காலத்துச் சரக்கு. இன்றைய தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து, அதன் அழுத்தத்துக்கு இந்தக் குழல் சோதிக்கப்படவில்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் துரு அரித்திருந்தால் வெடிக்கும்போது குழலே பிளந்து, பிடித்திருக்கிறவனுடைய இடது கை போய்விடும். போதாததற்குப் பழைய துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர். இன்று கிடைக்கும் தோட்டாக்களில் பல 70 மில்லிமீட்டர். உள்ளே போய்விடும், ஆனால் வெடித்து விரியும்போது இடம் பத்தாது. "உங்கய்யன் ரெண்டு தடவை வெடிச்சும் ஒண்ணும் ஆகலீன்னா அது சாமி புண்ணியமுங்க" என்றார் பெரியவர்.

இன்னும் சில சோதனைகள். குழலைக் கழற்றி அடிப்பகுதியில் இருந்து தொங்கவிட்டு விரலால் சுண்டினால் மணி மாதிரி கணீர் என்று கேட்க வேண்டும். மொத்தை ஓசை வந்தால் இரண்டு குழலையும் சேர்க்கிற பற்றவைப்பு விட்டிருக்கிறது. மூடிப் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. குழல், உடல், முன்கட்டை மூன்றிலும் உள்ள எண் ஒன்றாக இருக்க வேண்டும். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், அம்மைத் தழும்பு இருக்கக் கூடாது. முக்கியமாக, விற்கிறோமே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, வார்னிஷ் அடிப்பது, குழலுக்குச் சாயம் ஏற்றுவது எதுவும் வேண்டாம். பழைய பொருளின் மதிப்பு அதன் பழைய தோலில்தான் இருக்கிறது. தேய்த்த துப்பாக்கியை விவரம் தெரிந்தவன் தொட மாட்டான்.

விலை யார் கையில்

சித்தப்பா போனில் வெளிநாட்டு ஏலத்தில் போன விலையை எல்லாம் எடுத்துக் காட்டினார். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் மாதிரிப் பேர்பெற்றவர்களின் உயர்ந்த வேலைப்பாட்டுக்கு அங்கே பெரிய விலை உண்டு என்பது நிஜம். அந்த விலை நமக்கு வராது. ஏன் என்று புரிந்துகொண்டால் மனசு ஆறும்.

ஒரு பொருளுக்கு விலை அதை வாங்கக் கூடியவர்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. நம் ஊரில் துப்பாக்கியை வாங்க ஆசை மட்டும் போதாது. லைசென்ஸ் வேண்டும், அதில் இடம் காலியாக இருக்க வேண்டும். மூன்று இரண்டாகக் குறைந்ததால் மூன்றாவது வைத்திருந்தவர்கள் விற்க வந்தார்கள், வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பலாமே என்றால், 100 வருசம் தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972 தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒரு காலத்தில் இறக்குமதித் துப்பாக்கிக்குத் தனி மவுசு இருந்தது. வெடிக்கத் தகுதியான, நல்ல பேருள்ள துப்பாக்கிக்கு இன்றும் அது இருக்கிறது. கருமருந்துக் குழலுக்கு, சேகரிக்கிற ஒருசிலரைத் தவிர ஆள் இல்லை.

முதலில் கேட்ட இடத்தில் சொன்ன விலை ஒரு வெள்ளாட்டுக் குட்டிக்குக் கூடப் பத்தாது. பழைய இரும்பு மாதிரிப் பேசினார்கள். முத்திரை விவரம், அளவுகள், எண், குழலின் நிலை எல்லாம் ஒரு தாளில் எழுதி, படமும் வைத்து இன்னும் இரண்டு டீலர்களிடம் கேட்டோம். கடைசியில் படிந்த விலை இரண்டு நல்ல கிடா விலை. சித்தப்பாவின் லட்சமும் இல்லை, முதல் ஆள் சொன்ன இரும்பு விலையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த நியாயத்தை அந்த ஒரு தாள்தான் வாங்கித் தந்தது. நேரடியாக இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு விற்கிறவர்கள், வாங்குகிறவர் பேர் முகவரியோடு கலெக்டருக்கோ ஸ்டேசனுக்கோ எழுத்துமூலம் தெரிவித்து 45 நாள் பொறுக்க வேண்டும். "காசைக் கையில வாங்கிக்குங்க, பேர் மாத்தறது நாங்க பாத்துக்கறோம்" என்று வருகிற தரகரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அந்தத் துப்பாக்கி எங்கேயாவது பிடிபட்டால் அதில் இருக்கிற எண் உங்கள் அய்யன் பேரைத்தான் சொல்லும்.

நாய்க்கும் மயிலுக்கும் துப்பாக்கியா?

இப்போது சித்தப்பாவின் பெரிய கேள்விக்கு வருகிறேன். விலைக்காக அவர் விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் என்று இந்தச் சீமை முழுக்கத் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிப் போடுகிறது. 2025 தொடக்கத்தில் விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டில் உட்கார்ந்து போராடியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விடியக்காலம் பட்டிக்குப் போய், குடல் சரிந்து கிடக்கிற சினையாட்டைப் பார்த்தவனிடம் உயிர்நேயம் பேசுவது லேசு இல்லை. எங்கள் பட்டியிலும் நடந்திருக்கிறது. அன்றைக்குத் துப்பாக்கி கையில் இருந்திருந்தால் நானும் எடுத்திருப்பேன். மறைத்துப் பேச விரும்பவில்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாயைச் சுட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்து வருசம் வரை சிறை. மயில் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, நினைக்கவே வேண்டாம். முயலும் கவுதாரியும் கூட இன்று சுடக் கூடாதவை. காட்டுப்பன்றிக்குத் தமிழக அரசு 2025 சனவரியில் அறிவித்த முறையில் கூட, காப்புக்காட்டில் இருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம் என்றுதான் இருக்கிறது. அதையும் வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும், விவசாயி இல்லை. ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கொடுக்கலாம் என்று இன்னும் எழுதியிருக்கிறது. லைசென்ஸ் கிடைக்கலாம்; எதைச் சுடுவது? எல்லாப் பக்கமும் வேறொரு சட்டம் நிற்கிறது. ஆக வீட்டில் இருக்கிற துப்பாக்கி ஒரு ஆட்டையும் காப்பாற்றாது. கோபம் தலைக்கேறிய ஒரு ராத்திரியில் நம்மை உள்ளே தள்ள மட்டும் உதவும்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அப்பாரு காலத்தில் அந்தத் துப்பாக்கி என்ன சாதித்தது என்று நான் யோசித்தேன். அவர் சுட்டது பெரும்பாலும் குள்ளநரி. குட்டியைத் தூக்குகிறது என்று சுட்டார்கள், விசம் வைத்தார்கள். இன்று எங்கள் கொறங்காட்டில் ராத்திரி நரி ஊளை கேட்பதே இல்லை. மயில் முட்டையைத் தின்கிற பிராணிகளில் நரியும் ஒன்று. நரி போன இடத்தில் மயில் பெருகி, விதைத்த சோளத்தைப் பொறுக்குகிறது. மயில் பெருகியதற்குக் காரணம் அது ஒன்றே என்று சொல்ல மாட்டேன்; தரிசு நிலமும் சீமைக் கருவேலும் கூடியதற்கும் பங்கு இருக்கிறது. ஆனால் பூச்சியைக் கொல்ல மருந்தடித்து, பூச்சியைத் தின்னும் பூச்சியையும் கொன்று, இரட்டிப்பாகப் பூச்சி வாங்கினோமே, அதே பாடம்தான் இதுவும். பூச்சிக்கு அதைப் புரிந்துகொண்ட நாம் நரிக்குப் புரிந்துகொள்ளவில்லை.

நம் இயக்கத்தில் முன்னோர் விட்டுப்போனதைக் காப்போம் என்று அடிக்கடி சொல்கிறோம். நானும் மேடையில் சொன்னவன். கிளுவை வேலியும், கொழுக்கட்டைப் புல்லும், வெள்வேல மரமும், காங்கயம் மாடும் காக்க வேண்டியவைதான். அதற்காக அப்பாரு விட்டுப்போன எல்லாமே அந்த வரிசையில் சேராது. துப்பாக்கி நம் ஊருக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். 1801இல் பாளையக்காரர்களை ஒடுக்கிய கும்பினி ஆட்சி, தென்சீமையில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. 1878 ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம், வெள்ளையனுக்கு விலக்கு என்றது. அதனால் லைசென்ஸ் கிடைத்த வீடு ஊரில் பெரிய வீடு ஆயிற்று. எங்கள் வீட்டுச் சுவரில் அது தொங்கியதற்கு ஆடு ஒரு காரணம். பண்ணையத்தில் வேலை செய்தவர்கள் அதைப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. குடகு நாட்டில் அந்த மக்களுக்குத் துப்பாக்கி ஒரு சடங்கு, கைல்பொள்து பண்டிகையில் பூசை வைக்கிறார்கள், லைசென்சில் இருந்து விலக்கும் இருக்கிறது. நம் கொங்குச் சீமையில் அப்படி ஒரு பண்பாட்டு வேர் இதற்கு இல்லை. இருந்தது கௌரவம்தான்.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

துப்பாக்கியை விடு என்று விவசாயியிடம் சொல்கிற உரிமை, பட்டியைக் காக்க வேறு வழி செய்து கொடுப்பவனுக்குத்தான் உண்டு. எனவே அரசிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. தெருநாய்க் கருத்தடை, 2023 விதிகளின்படி உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு. பேரூராட்சியும் ஊராட்சி ஒன்றியமும் எத்தனை நாய்க்குச் செய்தன என்று கிராமசபையில் கணக்குக் கேட்போம். கறிக்கடைக் கழிவைக் கொறங்காட்டு ஓரத்தில் கொட்டுவதை நிறுத்தச் சொல்வோம். நாய்க்கூட்டம் அங்கேதான் வளர்கிறது. ஆடு செத்தால் இழப்பீடு அலையவிடாமல் கைக்கு வர வேண்டும். துப்பாக்கி விசயத்தில், மாவட்டத்தில் வருசம் ஒருநாள் வாரிசுகளுக்கென்று முகாம் வைத்து, பழைய கோப்பைத் தேடுவது, சான்று சரிபார்ப்பது, ஒப்படைத்ததை விற்க அனுமதிப்பது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடிக்கலாம். எத்தனையோ ஸ்டேசன்களில் செத்தவர்களின் துப்பாக்கி துருப்பிடித்துக் கிடக்கிறது. எத்தனையோ வீடுகளில் பயத்தோடு பூட்டிக் கிடக்கிறது. இரண்டுமே யாருக்கும் நல்லதில்லை.

நாங்கள் விற்றுவிட்டோம். பணத்தை அம்மா, தங்கச்சி, நான் மூன்று பேரும் பேசி, பட்டிக்குக் கம்பி வலை அடிக்கப் போட்டோம். முழுச் சுற்றுக்குப் பத்தவில்லை. மீதிக்குக் கிளுவைப் போத்து நட்டிருக்கிறோம். மழை பிடித்தால் மூன்று வருசத்தில் நாய் நுழையாத அடைப்பாகிவிடும். அதுவரை ராத்திரி காவலுக்கு ஆள் படுக்க வேண்டியதுதான். சித்தப்பாவுக்கு இன்னும் வருத்தம். கல்கத்தாக் கடை பேரைப் படம் எடுத்துப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் லண்டன் துப்பாக்கி என்றுதான் சொல்கிறார். நான் திருத்துவதில்லை.

உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டியது இருந்தால் சத்தமாகவே கேளுங்கள்.